செடியைச் சாட்டி மக்களை வாட்டிய சட்டம்

"கலிபோர்னியாவே கஞ்சாவைத் திறந்துவிட்டது, நாம் மட்டும் ஏன் அஞ்சிக் கிடக்கின்றோம்?" என்று ஒரு சாரார் கேட்கின்றனர். "வெள்ளைக்காரன் நாடு குட்டிச்சுவரானதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?" என்று மற்றொரு சாரார் கைகொட்டி நகைக்கின்றனர். தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும் இவ்விரு பேச்சையும் யான் கேட்டதுண்டு. இரு சாரார்க்கும் பொதுவாகிய குறை ஒன்றுண்டு. அவிழ்த்ததைக் கண்டனர், கட்டியதைக் காணவில்லை!

கட்டிய கை எது? எதற்காகக் கட்டிற்று? யாரைக் கட்டிற்று? நூறாண்டு கழித்து அவிழ்த்த கை எது? அவிழ்த்தபின் கயிற்றை எடுத்துச் சென்றவன் எவன்? இவ்வினாக்களை எழுப்பாமல் கலிபோர்னியாவைப் புகழ்வதும் பழிப்பதும் ஒன்றே, இரண்டும் அறியாமையே!

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகின்றேன். இக்கட்டுரை கஞ்சாவுக்குப் பரிந்து எழுந்ததன்று. முப்பதாண்டு வகுப்பறையில் நின்றவன் யான். மயக்கத்தில் வீழ்ந்த இளைஞனின் குழிந்த கண்ணையும், அவன் தாயின் கலங்கிய கண்ணையும் ஒருங்கே கண்டவன். அறிவை மழுக்கும் எப்பொருளும் மக்களுக்கு ஆகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், ஒரு பொருள் தீது என்பது வேறு. அப்பொருளைச் சாக்காக்கி ஒரு மக்களினத்தையே தீது என்பது வேறு. முன்னது அறம், பின்னது அறத்தின் முகமூடி அணிந்த வெறுப்பு. கலிபோர்னியாவின் வரலாறு இவ்விரண்டின் வேறுபாட்டைக் கற்பிக்கும் நல்லதொரு பாடம்.

சீனர்மேல் விழுந்த முதலடி

கலிபோர்னியா பொன் தேடி வந்தவர்களாற் பெருகிய நிலம். 1850-இல் அமெரிக்க ஒன்றியத்தில் மாநிலமாய்ச் சேர்ந்தது. அதன் சுரங்கங்களிலும் இருப்புப்பாதைப் பணியிலும் சீனர் ஆயிரக்கணக்கில் உழைத்தனர். மலையைக் குடைந்து பாதையிடும் வரையில் அவர்கள் தோள் வேண்டியிருந்தது. 1869-இல் பாதை முடிந்தது. அவர்கள் முகம் வேண்டாததாயிற்று!

1875-இல் சான் பிரான்சிசுகோ நகரம் அபினி புகைக்கும் விடுதிகளைத் தடைசெய்து சட்டமியற்றியது. நல்லதுதானே என்பீர்கள். பொறுமின்! அதே அபினி, அதே நகரின் மருந்துக் கடைகளிற் குப்பியில் அடைபட்டுத் தடையின்றி விற்றுக்கொண்டிருந்தது. இருமலுக்கும் வயிற்றுநோவுக்கும் வெள்ளையர் வீடுதோறும் அதனைக் குடித்தனர். குப்பியிற் குடித்தால் மருந்து. குழலிற் புகைத்தால் குற்றம்! பொருள் ஒன்றே. பயன்படுத்தியவன் தோல்தான் வேறு. ஏழாண்டு கழித்து, 1882-இல், சீனத் தொழிலாளர் நாட்டினுள் நுழைவதையே ஒன்றிய அரசு தடைசெய்தது. விடுதியை மூடுவதிற் தொடங்கியது வாயிலை மூடுவதில் முடிந்தது.

இவ்வொரு நிகழ்ச்சியை நெஞ்சில் நிறுத்திக்கொள்மின். பின்வருவன யாவும் இதன் வழிமொழிதலே.

'இந்து' வந்தான், சட்டம் வந்தது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து உழவர்கள் கடல் கடந்து கலிபோர்னியாவுக்கு வந்தனர். மரமறுக்கும் ஆலைகளிலும் இருப்புப்பாதையிலும் வயல்களிலும் கூலிக்கு உழைத்தனர். அவர்களுட் பெரும்பாலார் சீக்கியர், முகம்மதியரும் இருந்தனர். கலிபோர்னிய வெள்ளையர்க்கு இவ்வேறுபாடெல்லாம் எதற்கு? 'இந்து' என்னும் ஒரே பெயரால் அனைவரையும் ஒரு கயிற்றிற் கட்டினர். தன்னை இன்னான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை வந்தவனுக்கு இல்லை. பார்த்தவன் இட்டதே பெயர்!

அக்காலத்தில் அம்மாநில மருந்தாளுமை வாரியத்தில் உறுப்பினராய் இருந்தவர் என்றி பிங்கர் என்பார். நெதர்லாந்தின் ஏக்கு நகரிற் கூடவிருந்த பன்னாட்டு அபினி மாநாட்டுக்கு அமெரிக்கப் பேராளருள் ஒருவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1911-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் தம் உடன் பேராளர் ஆமில்டன் இரைட்டுக்கு ஒரு மடல் விடுத்தார். கலிபோர்னியாவுக்கு 'இந்துக்கள்' பெருந்தொகையாய் வந்துவிட்டனர் என்றும், அவர்களாலே கஞ்சாவுக்குத் தேவை பெருகிற்று என்றும், அவர்கள் வேண்டத்தகாத கூட்டம் என்றும், அப்பழக்கம் வெள்ளையரிடையே தொற்றிவிடும் என்றும் அம்மடலில் அஞ்சினார்.

மடலை மீண்டும் எண்ணிப் பாருங்கள். செடியின் தீமை பற்றிய ஆய்வு அதில் எங்கே? மருத்துவச் சான்று எங்கே? வந்தவன் வேண்டாதவன், ஆகவே அவன் கையிலிருப்பதும் வேண்டாதது! இதுவன்றோ அதன் அளவையியல்?

1913-இல் கலிபோர்னியாவின் நஞ்சுச் சட்டம் திருத்தப்பட்டது. கஞ்சாவின் சாறும் மயக்கக் கலவைகளும் வைத்திருப்பது குற்றமாயிற்று. மக்களிடையே பெரிய சொற்போர் ஏதுமின்றி, வாரியத்தார் வகுத்துக் கொடுத்த திருத்தமாக அது நிறைவேறிற்று. அச்சட்டத்திற் கஞ்சாவோடு 'கிறுக்குப் பூண்டு' எனப் பொருள்படும் மற்றொரு பெயரும் இணைக்கப்பட்டிருந்தது. அப்பெயரோ, அமெரிக்க மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்து மாடுகளுக்கு நஞ்சாகும் வேறொரு செடிவகைக்கு உரியது! எதைத் தடுக்கின்றோம் என்றே தெளிவாய் அறியாமல் எழுதிய சட்டம் அது.

மருந்தாளுமை வாரியத்தார் மயக்கப்பொருள் ஒழிப்பில் மெய்யாகவே முனைந்திருந்தனர் என்பதை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதே 1913-இல் அதே சட்டமன்றம் வேறென்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் வேளாண் நிலம் வாங்கலாகாது என்று சட்டம் இயற்றியது. அஃது உடனடியாகச் சப்பானிய உழவரைக் குறிவைத்தது. 1923-இல் இந்தியர்க்குக் குடியுரிமை இல்லை என்று ஒன்றிய உச்ச முறைமன்றம் தீர்த்தபின் பஞ்சாபியர் மீதும் பாய்ந்தது. ஒரே ஆண்டில் ஒரு கை நிலத்தைப் பறித்தது. மறுகை செடியைப் பறித்தது. இரு கையும் ஒருடலினவே!

பெயரில் ஒளிந்த படை

தமிழாசிரியனாகிய எனக்குச் சொல்லை நிறுத்துப் பார்ப்பதே தொழில். ஆதலின் இவ்வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி இதுவே.

அமெரிக்க உழவன் இச்செடியை 'எம்பு' என்று அறிந்திருந்தான். அதன் நாரிற் கயிறு திரித்தான். அமெரிக்க மருத்துவன் இதனைக் 'கன்னாபிசு' என்று அறிந்திருந்தான். 1850-ஆம் ஆண்டுத் தொடக்கம் அது அந்நாட்டு மருந்து நூலில் இடம்பெற்றிருந்தது. இவ்விரண்டு பெயரும் மக்கள் அறிந்தவை, அச்சந் தராதவை.

1910-இல் மெக்சிகோவிற் புரட்சி மூண்டது. வாழ்விழந்த மக்கள் வடக்கே எல்லை கடந்து வந்தனர். அவர்களுட் சிலர் அச்செடியைப் புகைத்தனர், 'மரியுவானா' என்றழைத்தனர். அமெரிக்கச் செய்தித்தாள்கள் அப்பெயரைப் பற்றிக்கொண்டன. கொலையா? மரியுவானா! கற்பழிப்பா? மரியுவானா! வீட்டுக் கொடியிற் காயும் கயிற்றுக்கும் இப்பேய்க்கும் ஒரே தாய் என்பதை எவர் எண்ணுவார்? பழகிய செடிக்கு அயலான் பெயரிட்டு, அப்பெயரின் வழியே அயலானையும் செடியையும் ஒருசேர வெறுக்கக் கற்பித்தனர்.

1930-களிற் பொருள்நிலை வீழ்ந்தது. வேலையின்றித் தவித்த நாட்டுக்குப் பழிசுமத்த ஓர் ஆள் வேண்டும். மெக்சிகோ வழியினர் பன்னூறாயிரவர் வண்டியேற்றி எல்லைக்கப்பால் அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள்! 1931-இல் இலாசு ஏஞ்சலிசு நகரத்துப் பூங்கா ஒன்றை வளைத்து அங்கிருந்தோரைப் பிடித்தனர். இக்கொடுமைக்காகக் கலிபோர்னிய அரசு 2005-இற் சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது. அவ்வெறுப்புக் காற்று வீசிய காலத்தில்தான், 1937-இல், ஒன்றிய நடுவணரசின் 'மரியுவானா வரிச் சட்டம்' பிறந்தது. நடுவணரசின் மயக்கப்பொருள் துறைத் தலைவர் ஆரி அன்சிலிங்கர் அதற்கு முன்னின்று வாதிட்டார்.

அச்சட்ட வரைவின்மீது உசாவல் நடந்தபோது அமெரிக்க மருத்துவக் கழகத்தின் சார்பில் வில்லியம் உட்வர்டு என்பார் எழுந்து எதிர்த்தார். அவர் சொன்னதன் கருத்து யாது? கன்னாபிசு என்பதே இச்செடிக்கு உரிய பெயர். மரியுவானா என்பது மருத்துவம் அறியாத கலப்புச் சொல். இவ்வரைவு அணியமாவது மருத்துவ உலகுக்குத் தெரியவே இல்லை என்பதுதான். செடியின் விதையிலிருந்து எண்ணெய் ஆட்டியோரும் தங்கள் பிழைப்பைத் தொடும் சட்டம் இஃதென்று காலந்தாழ்த்தே அறிந்து ஓடிவந்தனர்.

காண்மின், அன்பர்களே! ஒரு பெயரை மாற்றியதால் அந்நாட்டு மருத்துவர்க்கே அந்நாட்டுச் சட்டம் விளங்காமற் போயிற்று. சொல் என்பது வெறும் ஒலியா? யார் பெயரிடுகின்றானோ அவனே ஆள்கின்றான்! தன் மொழியிற் பெயரிழந்த பொருள், தன்னை அறிந்தோரின் காவலையும் இழக்கின்றது. 1942-இற் கன்னாபிசு அமெரிக்க மருந்து நூலினின்றும் நீக்கப்பட்டது. பேய் வென்றது, பெயர் தோற்றது.

இதற்கிடையே கலிபோர்னியாவின் ஒறுப்பும் ஏறிக்கொண்டே சென்றது. 1925-இல் வைத்திருப்போர்க்கு 6 ஆண்டு வரை சிறை. 1954-இல் ஓராண்டு தொடங்கிப் பத்தாண்டு வரை சிறை. ஒரு பிடி இலைக்குப் பத்தாண்டு! தடை ஏற ஏறப் புகைப்போர் குறைந்தனரோ எனில், இல்லை. 1960-களில் வெள்ளை இளைஞரே கல்லூரிதோறும் புகைத்தனர். அப்போதுதான் ஆட்சியாளர்க்குக் கண் திறந்தது. தன் மகன் சிறையேறும் காலம் வந்தபின்பே சட்டத்தின் கொடுமை தகப்பனுக்குத் தெரிகின்றது!

1972-இற் கஞ்சாவுக்கு ஒறுப்பே வேண்டா என்னும் முன்மொழிவு மக்கள் ஒப்போலைக்கு வந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேரே அதனை ஏற்றனர். ஆனால் 1975-இல் சார்சு மாசுகோனி என்னும் சட்டமன்ற உறுப்பினர் கொணர்ந்த சட்டம் நிறைவேறிற்று. 1 அவுன்சு, அதாவது ஏறக்குறைய 28 கிராம் வரை வைத்திருப்பது 100 தாலர் தண்டத்தொகைக்குரிய சிறு குற்றமாய்த் தாழ்ந்தது. 1976 சனவரி முதல் நாளில் அது நடப்புக்கு வந்தது. கட்டிய முடிச்சின் முதற்கண்ணி தளர்ந்தது அன்று.

மூதாட்டி ஒருத்தியும் மக்கள் ஒப்போலையும்

1980-களில் எய்ட்சு என்னும் கொடுநோய் சான் பிரான்சிசுகோவைச் சூறையாடிற்று. இளைஞர்கள் உண்ண இயலாமல், உண்டதை வைத்திருக்கவும் இயலாமல், எலும்பாய்த் தேய்ந்து மாண்டனர். அரசு கைவிட்டது, பல குடும்பங்களும் கைவிட்டன.

மேரி இராத்பன் என்னும் மூதாட்டி கைவிடவில்லை. நகரப் பொது மருத்துவமனையில் அந்நோயாளரிடையே அவர் தொண்டாற்றினார். கஞ்சா சேர்த்த இனிப்பு அடைகளைத் தம் கையாற் சுட்டு நோயாளர்க்குக் கொடுத்தார். அவற்றை உண்டவர்க்குக் குமட்டல் தணிந்தது, பசி எடுத்தது, ஒருவேளைச் சோறு உள்ளே நின்றது. 1981-இலும் 1992-இலும் காவலர் அவரைச் சிறைப்பிடித்தனர். எழுபதை எட்டிய கிழவியைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினால் எந்த அறமன்றம் தலைநிமிர்ந்து பார்க்கும்? 1992-ஆம் ஆண்டு வழக்கு நிற்கவில்லை. நகரமன்றமோ அவர் பெயரால் ஒரு நாளையே அறிவித்துச் சிறப்பித்தது!

தம் துணைவரை அந்நோய்க்குப் பறிகொடுத்த தென்னிசு பெரோன் என்பார், நோயாளர்க்குக் கஞ்சா கிடைக்க வேண்டுமென 1991-இல் நகர ஒப்போலை ஒன்றை எழுப்பினார். நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் ஏற்றனர். மாநிலச் சட்டமன்றமும் அடுத்தடுத்துச் சட்டம் இயற்றியது. ஆளுநர் பீட் வில்சன் ஒப்பமிட மறுத்தார். மன்றம் இயற்றியும் மாளிகை மறுத்ததால் மக்களே நேரே இறங்கினர். 1996 நவம்பர் 5-ஆம் நாள், 215-ஆம் முன்மொழிவு நூற்றுக்கு 55-க்கு மேற்பட்ட ஒப்போலைகளால் வென்றது. மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளர் கஞ்சா வளர்க்கலாம், வைத்திருக்கலாம் என்று சட்டமாக்கிய முதல் மாநிலம் கலிபோர்னியாவே.

மருத்துவப் பயன் மெய்தானா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். 2017-இல் அமெரிக்க நாட்டு அறிவியற் கழகங்கள் விரிந்த அறிக்கையொன்றை வெளியிட்டன. நாட்பட்ட நோவுக்கும் புற்றுநோய் மருந்தால் எழும் குமட்டலுக்கும் பயனுண்டு என்பதற்கு வலிய சான்று உளது என்றது அது. மிகுதியாய்ப் பயன்படுத்துவோர்க்கு மனச்சிதைவு நேரும் வாய்ப்பு மிகும் என்றும் அதே அறிக்கை எச்சரித்தது. இதுதான் அறிவின் குரல்: பயனையும் சொல்லும், கேட்டையும் சொல்லும். 1913-இலும் 1937-இலும் இக்குரலுக்கு ஒருவரும் செவிகொடுக்கவில்லை. வெறுப்பின் கூச்சலே சட்டமாயிற்று.

ஆறு செடியும் ஒரு பேரரசும்

மக்கள் தீர்ப்பளித்துவிட்டனர். நடுவணரசு தலைவணங்கிற்றா? இல்லை!

1996 திசம்பரிலேயே தலைநகரினின்றும் மிரட்டல் வந்தது. கஞ்சாவைப் பரிந்துரைக்கும் மருத்துவரின் மருந்தெழுதும் உரிமம் பறிக்கப்படும் என்றனர். நோயாளியிடம் மருத்துவன் தான் மெய்யென நம்புவதைச் சொல்லவும் நடுவணரசிடம் கைகட்டி இசைவு பெறவேண்டுமாம்! மருத்துவரும் நோயாளரும் வழக்காடினர். 2002-இல் ஒன்பதாம் வட்ட முறைமன்றம், மருத்துவர் வாய்க்குப் பூட்டிடுதல் பேச்சுரிமைக்கு மாறானது என்று தீர்த்தது.

அதே 2002 செபுதம்பரில், சாந்தா குரூசு நகரருகே நோயாளர் தமக்கெனக் கூடி வளர்த்த தோட்டத்துட் நடுவணரசின் படையினர் புகுந்து செடிகளை வெட்டிச் சாய்த்தனர். அந்நகரத் தலைவர்கள் என்ன செய்தனர்? அஞ்சி ஒடுங்கினரோ? பன்னிரண்டு நாளில், நகரமன்ற வாயிலிலேயே, நடுப்பகலில், நோயாளர்க்குக் கஞ்சாவைப் பகிர்ந்தளிக்கச் செய்தனர்! "இஃது எங்கள் மக்கள் தீர்ப்பு, இதோ நிறைவேற்றுகின்றோம்" என்று நெஞ்சு நிமிர்த்திய அக்காட்சியை எண்ணினாலே உடல் சிலிர்க்கின்றது.

இனி அந்த ஆறு செடிகளின் செய்தி. தயான் மான்சன் என்னும் பெண்மணி, மாறா முதுகு நோவுக்காகத் தம் வீட்டில் ஆறு கஞ்சாச் செடி வளர்த்தார். 2002 ஆகத்தில் மாவட்டக் காவலரும் நடுவண் அலுவலரும் அவர் வீட்டுக்கு வந்தனர். மாவட்டக் காவலர், "இது மாநிலச் சட்டப்படி குற்றமன்று" என்றனர். நடுவண் அலுவலர் ஏற்கவில்லை. மூன்று மணி நேரம் இழுபறி! முடிவில் ஆறு செடியையும் பறித்து அழித்தனர். மான்சனும் ஏஞ்சல் இரெய்ச்சு என்னும் மற்றொரு நோயாளியும் உச்ச முறைமன்றம் வரை சென்றனர்.

நடுவணரசு எந்த உரிமையால் அச்செடியைத் தொட்டது? மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குசெய்யும் உரிமையாலாம்! விற்காத செடி, வாங்காத செடி, வீட்டெல்லை தாண்டாத செடி, அது மாநிலங்களுக்கிடை வணிகமாம்! 2005 சூன் 6-ஆம் நாள் ஆறு நடுவர் 'ஆம்' என்றனர். மூவர் 'அன்று' என்றனர். தானும் தன் கால்நடையும் உண்ணத் தன் நிலத்தில் விளைத்த கோதுமையும் வணிகமே என்று 1942-இற் கூறிய பழந்தீர்ப்பொன்று துணைக்கு இழுக்கப்பட்டது. இவ்வாறு நீட்டினால் நடுவணரசின் கை எட்டாத அடுப்பங்கரை உண்டோ?

மறுத்த மூவருள் ஒருவர் சாந்திரா ஓகானர் அம்மையார். கலிபோர்னியக் குடிமகளாய் இருந்திருந்தால் அம்முன்மொழிவை நான் ஏற்றிரேன் என்று வெளிப்படையாய் எழுதினார். எழுதியவர், ஆயினும் தம் வழியைத் தாமே ஆய்ந்து பார்க்கும் உரிமை அம்மாநிலத்துக்கு உண்டென்று நிலைநின்றார். தான் விரும்பாத ஒன்றையும் தீர்மானிக்கும் உரிமை மக்களுக்கே என்று சொல்லும் நேர்மை அது! தன்னாட்சியின் உண்மைப் பொருள் இதுவே. நாம் விரும்பும் தீர்ப்புக்கு மட்டும் உரிமை கேட்பது தன்னாட்சி அன்று, தன்னலம்.

1996-இல் மிரட்டியது ஒரு கட்சியின் அரசு. 2002-இல் வெட்டியது மறு கட்சியின் அரசு. அரியணையில் எவர் அமர்ந்தாலும் நடுவணரசின் நாவு ஒன்றே பேசிற்று. ஆயினும் மாநிலம் பின்வாங்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிற மாநிலங்களும் அதன் அடிச்சுவட்டில் நடந்தன. 2014 திசம்பரில், மாநில மருத்துவக் கஞ்சாச் சட்டங்களைத் தடுக்க நடுவணரசு தன் பணத்தைச் செலவிடலாகாது என்று ஒன்றியப் பேரவையே கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. அதனை முன்மொழிந்த இருவரும் கலிபோர்னியப் பேராளரே; ஒருவர் ஒரு கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி! தம் மாநில உரிமை என்றால் கட்சிவேலி தாண்டிக் கைகோத்தனர்.

வணிகன் வந்தான்

நோயாளர் போராட்டம் இவ்வாறு நடக்க, ஓரத்தில் நின்று கணக்குப் பார்த்தவன் வணிகன். 2010-இல் அனைவர்க்கும் திறந்துவிடும் முன்மொழிவு தோற்றது. 2016 நவம்பரில் 64-ஆம் முன்மொழிவாய் மீண்டும் வந்து, நூற்றுக்கு 57 பேர் ஏற்க வென்றது. அதற்குப் பெரும்பணம் வழங்கியவர்களுள் முதல்வர் முகநூல் நிறுவனத்தின் முதல் தலைவராய் இருந்த சியான் பார்க்கர். அவர் தந்தது 80 நூறாயிரம் தாலருக்கு மேல்! 21 அகவை நிறைந்தோர் 1 அவுன்சு வைத்திருக்கலாம், ஆறு செடி வளர்க்கலாம் என்றாயிற்று. 2018 சனவரி முதல் நாள் கடைகள் திறந்தன.

சிறு உழவர்க்கு ஓர் உறுதிமொழி தரப்பட்டிருந்தது. ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட பெருந்தோட்டங்களுக்கு 2023 வரை உரிமம் இல்லை என்பதே அது. வடகலிபோர்னிய மலைகளில், அம்போல்டு, மெண்டசினோ, திரினிட்டி மாவட்டங்களிற், தலைமுறையாய்ச் செடி வளர்த்த சிற்றுழவர் அதனை நம்பினர். 2017 நவம்பரில் அரசு வகுத்த விதிகளோ, ஒருவர் இத்தனைச் சிற்றுரிமம்தான் பெறலாம் என்று வரம்பிடவில்லை. பணமுடையான் சிற்றுரிமங்களை அடுக்கடுக்காய் வாங்கினான். சிறியவை பலவும் சேர்ந்து பெரிய தோட்டமாயின! முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்து வைத்த கொடுமை இது. விற்பனைக்கு நூற்றுக்கு 15 வரி. அதன்மேல் விளைச்சலுக்கு அவுன்சுக்கு 9.25 தாலர் வரி. விலை வீழ்ந்தபோதும் விளைச்சல் வரி வீழவில்லை. 2022 சூலையில் அதனை நீக்குமுன் எத்தனையோ சிற்றுழவர் வேலியைப் பிடுங்கிக்கொண்டு போயினர்.

நேற்றுவரை இதே செடிக்குச் சிறையிருந்தவர்கள் எங்கே? அமெரிக்கக் குடியுரிமைக் காப்புக் கழகம் 2013-இல் ஒன்றியம் முழுமைக்கும் கணக்கெடுத்து வெளியிட்டது: கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவிற் கஞ்சாவைப் பயன்படுத்தியும், சிறைப்பிடிக்கப்படும் வாய்ப்பு கறுப்பர்க்கு 3.73 மடங்காய் இருந்தது! ஒருவன் விற்றதற்குச் சிறைப்பட்டான். அவன் வெளிவருமுன் மற்றொருவன் அதையே கண்ணாடிக் கடையில் விற்றுச் செல்வனானான். முன்னவன் குற்றவாளி, பின்னவன் தொழிலதிபர்!

கழுவாய் தேடாமலில்லை. பழைய தண்டனைப் பதிவுகளை நீக்க 64-ஆம் முன்மொழிவு வழிவகுத்தது. ஆயினும், ஒவ்வொருவரும் வழக்கறிஞர் வைத்து முறையிட வேண்டியிருந்ததால் மிகச் சிலரே வந்தனர். 2018-இல் இயற்றிய சட்டம் அச்சுமையை அரசின் தோளுக்கு மாற்றியது. சான் பிரான்சிசுகோ மட்டும் 1975 வரை பின்சென்று தேடி, ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளை நீக்க முற்பட்டதாய் 2019-இல் அறிவித்தது. நன்று. ஆனால், பதிவைத் துடைக்கலாம். அப்பதிவாற் கிட்டாமற்போன வேலையையும் வீட்டையும் இளமையையும் எந்தத் துணி கொண்டு துடைத்துத் தருவது?

மற்றுமொன்று. 2017-இற் கலிபோர்னியா தன் சட்டங்களில் 'மரியுவானா' என்னும் சொல்லை நீக்கிக் 'கன்னாபிசு' என்று திருத்தியது. உட்வர்டு சொல்லி எண்பதாண்டு கழித்து! வெறுப்பை விதைக்க ஏவப்பட்ட சொல்லைச் சட்டத்தினின்று களையெடுத்த பின்பே களம் தூய்மையாகும் என்று அவர்கள் உணர்ந்துகொண்டனர். சொற்றூய்மை வேண்டும் என்போரைப் பார்த்து "பெயரில் என்ன இருக்கின்றது?" என்று பல்லிளிப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக!

நாம் எழுப்ப வேண்டிய நான்கு வினா

ஆதலின் அன்பர்காள், "கலிபோர்னியா திறந்தது, நாமும் திறப்போம்" என்போனை நம்பாதீர். அவன் வணிகனின் வாய். "கலிபோர்னியா கெட்டது, தடையே தெய்வம்" என்போனையும் நம்பாதீர். தடையின் பெயரால் யார் முதுகு உரிந்தது என்பதை அவன் அறியான்.

ஒரு தடை வரும்போது கேளுங்கள்: இது பொருள்மேல் விழுகின்றதா, ஒரு மக்கள்மேல் விழுகின்றதா? ஒரு சட்டம் வரும்போது கேளுங்கள்: இது மக்கள் அறிந்த சொல்லில் எழுதப்பட்டதா, அவர்களை மருட்டும் சொல்லிலா? ஓர் ஆணை வரும்போது கேளுங்கள்: இதைத் தீர்மானிக்கும் உரிமை இம்மண்ணில் வாழ்வோர்க்கா, தொலைவில் அமர்ந்தோர்க்கா? ஒரு கதவு திறக்கும்போது கேளுங்கள்: உள்ளே நுழைபவன் நேற்றுத் துன்புற்றவனா, இன்று பணம் கொணர்ந்தவனா?

இந்நான்கு வினாவையும் கலிபோர்னியர் 1913-இற் கேட்கவில்லை, நூறாண்டு துன்புற்றனர். 1996-இல் முதல் மூன்றைக் கேட்டனர், வென்றனர். 2016-இல் நான்காவதைக் கேட்க மறந்தனர், வென்றும் இழந்தனர்.

செடிக்கு வாயில்லை. அதன்மேற் பழிபோட்டாலும் பேசாது, விலைபோட்டாலும் பேசாது. வாயுள்ள மாந்தர் நாம் வாளாவிருப்போமாயின், அடுத்த சட்டம் எந்தச் செடியைச் சாட்டி எந்த மக்களை வாட்டுமோ, யாரறிவார்? எண்ணுமின், எழுமின், வினவுமின்!